கார்ட்லெஸ் டிரில்லை வைத்துக் குழாய் அடைப்பு எடுப்பது: கிளட்ச், கையுறை, கம்பி

அடைப்பு எடுக்கும் நீண்ட சுருள் கம்பியை (டிரெயின் ஸ்பிரிங்) உள்ளே சுற்றிவைத்திருக்கும், கையால் சுழற்றும் டிரம்மில் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த தண்டை டிரில்லின் சக்கில், அதாவது பிட்டைப் பிடிக்கும் வாயில், பூட்டி ஓட்டுவது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. டிரில் வீட்டிலேயே இருக்கிறது, டிரம் ஸ்பிரிங் ஆன்லைனில் கிடைக்கிறது, ப்ளம்பர் வர இரண்டு நாள் ஆகும் என்கிறார். செய்யலாம், தவறில்லை. ஆனால் பெட்டியோடு வரும் துண்டுச்சீட்டில் "டிரில்லிலும் பொருத்தலாம்" என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. விரலும் மணிக்கட்டும் சம்பந்தப்பட்ட வேலைக்கு அந்த ஒரு வரி போதாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டிரம்மின் கைப்பிடி மையத்திலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கும். அதை ஐந்து கிலோ விசையோடு சுழற்றினால் கம்பிக்குப் போகும் முறுக்குவிசை ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர். வீட்டு உபயோகத்துக்கான சாதாரண 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் 50 நியூட்டன் மீட்டர் வரை கொடுக்கும். அதே கைப்பிடியில் ஐம்பது கிலோ விசை போடுவது போன்றது அது. கையால் சுழற்றவென்று செய்த 6 மி.மீ. கம்பியில் அந்த முறுக்கை ஏற்றக்கூடாது.

கம்பியின் தலை அடைப்பில் மாட்டி நின்றுவிட்டது, பின்னால் டிரில் சுழன்றுகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றும் கம்பியில் முறுக்காகச் சேரும். சேர்ந்த முறுக்கு எங்காவது வெளியேறியே தீரும். டிரம்முக்கும் குழாய் வாய்க்கும் நடுவில் கம்பி திடீரென்று வளையம் போட்டு மடங்கலாம். அங்கே கை இருந்தால் விரலையும் சேர்த்துச் சுற்றும். குழாய்க்குள்ளேயே கம்பி அறுந்து தலை உள்ளே தங்கிவிடலாம். பிறகு தரையை உடைக்காமல் எடுப்பது கடினம். அல்லது டிரில்லே கையில் திரும்பி மணிக்கட்டை முறிக்கும். எல்லாம் ஒரு நொடிக்குள் நடந்துவிடும், டிரிக்கரை விடக்கூட நேரம் இருக்காது. ஆகவே முறுக்கு சேர்வதற்கு முன்பே நழுவிவிடும்படி டிரில்லை அமைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கிளட்ச்தான் பாதுகாப்பு

சக்குக்குப் பின்னால் எண் போட்ட ஒரு வளையம் இருக்கும். கிளட்ச் எவ்வளவு முறுக்கில் நழுவ வேண்டும் என்று வைப்பது அதில்தான்; எண் குறைந்தால் சீக்கிரம் நழுவும். சில டிரில்களில் 15 வரை, சிலவற்றில் 20க்கு மேலும் போகும். கடைசி எண்ணுக்குப் பிறகு டிரில் பிட் படமும், சிலவற்றில் சுத்தியல் படமும் இருக்கும். பிட் படத்தில் வைத்தால் கிளட்ச் வேலையிலேயே இல்லை என்று பொருள். முழு முறுக்கும் கம்பிக்குப் போய்விடும். மரத்தில் துளை போட்டுவிட்டு வளையத்தைத் திருப்பாமல் அப்படியே ஸ்பிரிங்கைப் பூட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. சுத்தியல் நிலை இன்னும் மோசம். கம்பியை அது முன்னும் பின்னும் அடிக்கும், பயன் எதுவும் இல்லை.

வளையத்தை 2 அல்லது 3இல் வையுங்கள். கம்பியைக் குழாய்க்குள் கொஞ்சம் விட்டு, அடைப்பைத் தொடும் முன்பே மெல்லச் சுழற்றிப் பாருங்கள். டிரம் சுற்றாமல் கிளட்ச் "கடகட" என்று நழுவினால் ஓர் எண் கூட்டுங்கள். தடையில்லாமல் சுழலும் மிகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் இரண்டு எண் சேர்த்தால் பெரும்பாலான அடைப்புகளுக்குப் போதும். குழாயில் வளைவுகள் அதிகமாக இருந்தால் உராய்வும் அதிகம்; அங்கே இன்னும் ஓர் எண் தேவைப்படலாம். மொத்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவேண்டிய நிலை வந்தால், நிறுத்திவிடுங்கள். அந்த அடைப்பு இந்தக் கம்பிக்கு ஏற்றதல்ல, அல்லது கம்பி வேறெங்கோ போய் மாட்டியிருக்கிறது.

சில பிரஷ்லெஸ் டிரில்களில் கிளட்ச் எலக்ட்ரானிக் வகை. அது சத்தம் போடாது, மோட்டார் சட்டென்று நின்றுவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று நினைத்து டிரிக்கரை மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள். ஒவ்வோர் அழுத்தலும் கம்பியில் இன்னும் கொஞ்சம் முறுக்கை ஏற்றும்.

மேலே உள்ள கியர் பொத்தானை எப்போதும் 1இல் வையுங்கள். 1இல் டிரில் அதிகபட்சம் நிமிடத்துக்கு 400, 500 சுற்று போகும். 2இல் 1500ஐத் தாண்டும். டிரம் ஸ்பிரிங்குக்கு 500 சுற்றே அதிகம். என் கணிப்பில் 200க்கு மேல் தேவை வருவதில்லை. டிரம்மின் ஓரத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்தால் கண்ணாலேயே எண்ணலாம்: நொடிக்கு மூன்று சுற்று என்றால் நிமிடத்துக்கு 180. டிரிக்கரை அந்த அளவுக்கு மட்டும் அழுத்தப் பழகிக்கொள்ளுங்கள்.

சுழலும் திசை எப்போதும் முன்னோக்கித்தான், அதாவது டிரில்லுக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார திசை. இந்தக் கம்பிகளின் சுருள், அந்தத் திசையில் சுழன்றால் இறுகும்படி சுற்றப்பட்டிருக்கிறது. ரிவர்ஸில் சுழற்றினால் சுருள் விரியும், இடைவெளி விழும், பிறகு அந்த இடத்தில்தான் உடையும். ரிவர்ஸ் எப்போது வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இம்பாக்ட் டிரைவர் வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் இப்படிப்பட்ட கிளட்ச் கிடையாது. தடை வந்தால் அடித்து அடித்து முறுக்கும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. வயர் உள்ள டிரில்லும் வேண்டாம். ஈரத் தரையில் 230 வோல்ட் என்பது ஒரு காரணம். வீடுகளில் இருக்கும் வயர் டிரில்களில் பெரும்பாலானவை 2500 சுற்றுக்கு மேல் ஓடுபவை, கிளட்ச் இல்லாதவை என்பது இன்னொரு காரணம்.

எந்தக் கம்பி எந்தக் குழாய்க்கு

6 மி.மீ. கம்பி வாஷ்பேசின், சிங்க் போன்ற 32, 40, 50 மி.மீ. குழாய்களுக்கானது. 5 முதல் 7 மீட்டர் நீளம் போதும். 8 அல்லது 10 மி.மீ. கம்பியை 50, 75 மி.மீ. குழாய்களில் விடலாம். டிரில்லால் செய்யும் வேலைக்கு எல்லை அதுவே. 110 மி.மீ. டாய்லெட் லைனிலோ அதற்கு மேலோ மெல்லிய கம்பியை விட்டால் அது நேராகப் போகாமல் குழாய்க்குள் தன்னைத்தானே சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். உள்ளே சுலபமாகப் போவதுபோல் தோன்றும், வெளியே இழுக்கும்போது வராது. பெரிய லைனுக்குத் தடிமனான கம்பி, அதற்கேற்ற தனி இயந்திரம் வேண்டும்.

அப்படிப்பட்ட இயந்திரங்களின் கதை பழையது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் சாமுவேல் பிளாங்க் என்பவர் வாஷிங் மெஷின் மோட்டார், ரோலர் ஸ்கேட் சக்கரங்கள், 3/8 அங்குல எஃகுக் கம்பி ஆகியவற்றைச் சேர்த்து, குழாய்க்குள் புகுந்த மரவேரை வெட்ட ஓர் இயந்திரம் செய்தார். 1930களில் அதுவே ரோட்டோ-ரூட்டர் என்ற பெயரில் தொழிலாக வளர்ந்தது. இன்றைய இயந்திரங்களில் காலால் அழுத்தும் சுவிட்ச் இருக்கிறது. பாதத்தை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும், இரண்டு கைகளும் கம்பியில் இருக்கலாம். டிரில்லில் அந்த வசதி இல்லை. ஒரு கை டிரிக்கரிலேயே மாட்டிக்கொள்கிறது. ஆகவே டிரிக்கரை டேப் சுற்றியோ கேபிள் டை போட்டோ அழுத்திக் கட்டுவது நினைத்துப் பார்க்கக்கூட வேண்டாத காரியம். விரலை எடுத்ததும் நிற்பது ஒன்றுதான் உங்களிடம் இருக்கும் அவசர சுவிட்ச்.

டிரம் இல்லாமல், வெறும் ஸ்பிரிங்கின் வால் முனையை டிரில்லில் மாட்ட அடாப்டர் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். ஐந்து மீட்டர் கம்பியில் ஒரு மீட்டர் குழாய்க்குள் இருந்தால் மீதி நான்கு மீட்டரும் குளியலறைக்குள் சுழன்று சுழன்று அடிக்கும். டிரம் இல்லாத ஸ்பிரிங்குக்குக் கையால் சுழற்றும் கைப்பிடிதான் சரி. டிரம் வாங்கும்போதும் பின்பக்கத் தண்டைப் பாருங்கள். அறுகோணமாகவோ மூன்று பக்கம் தட்டையாகவோ இருந்தால் டிரில்லுக்கென்று செய்தது. உருண்டையான தண்டு சக்கில் வழுக்கும். கையால் மட்டும் சுழற்றவேண்டும் என்று போட்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் டிரம்மை டிரில்லில் பூட்டினால் டிரம்மே வெடித்து, உள்ளே சுருண்டிருக்கும் கம்பி வெளியே பாயக்கூடும்.

ஸ்பிரிங் எடுக்கும் முன்

அடைப்பு எங்கே என்று தெரியாமல் கம்பி விடுவதில் பயனில்லை. வாஷ்பேசின் மட்டும் வடியவில்லை என்றால் பெரும்பாலும் அதன் அடியில் கிண்ணம் போலத் தொங்கும் பாட்டில் ட்ராப்பிலேயே தலைமுடியும் சோப்பும் இருக்கும். கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டு ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பாட்டில் ட்ராப் வழியாக ஸ்பிரிங் போகாது. அதன் உள்ளே இருக்கும் குழாயில் முட்டி நிற்கும், டிரில் போட்டால் ட்ராப் உடையும். கம்பி விடவேண்டும் என்றாலும் ட்ராப்பைக் கழற்றி, சுவருக்குள் போகும் குழாய் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். சிங்க் அடியில் இருக்கும் சுருக்கம் சுருக்கமான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்பும் அப்படித்தான். சுழலும் கம்பி அதை இரண்டே நிமிடத்தில் கிழித்துவிடும். கழற்றித் தனியே கழுவிக்கொள்ளுங்கள்.

குளியலறையில் பேசினும் தரையும் சேர்ந்தே தேங்கினால், தரை நீர் வடியும் நஹானி ட்ராப்புக்கு அப்பால் அடைப்பு. ஜாலியைத் தூக்கி, உள்ளே கிண்ணம் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, முதலில் கையுறை போட்ட கையாலேயே முடியை அள்ளுங்கள். முள் முள்ளாக இருக்கும் பிளாஸ்டிக் பட்டை மலிவாகவே கிடைக்கும். ட்ராப்பில் சிக்கிய முடிக்கு டிரில்லைவிட அது மேல். வீடு முழுவதும், டாய்லெட் உட்பட, மெதுவாக வடிகிறது என்றால் வெளியே வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சேம்பர் தொட்டியின் மூடியைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். சேம்பர் நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு அப்பால். காலியாக இருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில்.

என்ன அடைத்திருக்கிறது என்பதையும் யோசியுங்கள். முடி, சோப்பு, தேங்காய் நார், ஷாம்பு பாக்கெட், துணி போன்றவற்றை ஸ்பிரிங் கொக்கி போட்டு இழுத்துவரும். சமையலறைக் குழாயில் எண்ணெயும் மாவும் சேர்ந்து இறுகியிருந்தால் கம்பி நடுவில் ஓர் ஓட்டை போடும், தண்ணீர் வடியும், சில நாளில் மீண்டும் அடைக்கும். அதற்கு இன்னொரு சாதனம் இருக்கிறது: பிளாஸ்டிக் உறைக்குள் சுழலும் கம்பி, நுனியில் சிறு சங்கிலிகள். சங்கிலி விரிந்து குழாயின் சுவரைச் சுரண்டும். அதுவும் டிரில்லில் ஓடுவதுதான், ஆனால் டிரம் ஸ்பிரிங்கைவிட வேகமாக ஓட்டவேண்டியது. ஆகவே மேலே சொன்ன வேகக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அதன் குறிப்பேட்டில் போட்டிருக்கும் வேகத்தையும் கிளட்ச் நிலையையும் அப்படியே பின்பற்றுங்கள். டைல்ஸ் வேலை முடிந்ததும் அடைத்துக்கொண்ட குழாய் என்றால் உள்ளே சிமெண்ட் இறுகியிருக்கலாம். அதற்கு எந்த ஸ்பிரிங்கும் உதவாது, அந்தத் துண்டுக் குழாயை மாற்றத்தான் வேண்டும்.

குழாயில் ஏற்கனவே ஆசிட்டோ அடைப்பு நீக்கும் தூளோ ஊற்றியிருந்தால் அன்று ஸ்பிரிங் போடாதீர்கள். அந்தத் தூளில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுழலும் கம்பி அதைத் துளித்துளியாக முகத்தில் தெறிக்கும், கண் போய்விடும். ஆசிட் கம்பியையும் அரிக்கும். ஆசிட் ஊற்றிய குழாயில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் வேறு யாராவது எதையாவது ஊற்றினார்களா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். ப்ளம்பர் வருகிறார் என்றால் அவரிடமும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

உடை, கையுறை

கம்பியைத் தொடும் கையில் தோல் கையுறை. உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை, மேலே தோல் என்று இரண்டடுக்காகப் போட்டால் சாக்கடை நீரும் தோலில் படாது. கட்டட வேலைக்கு விற்கும் பின்னல் துணிக் கையுறை இந்த வேலைக்கு ஆகாது. அதன் நூல் கம்பிச் சுருளில் மாட்டினால் விரலோடு சேர்த்து இழுக்கும். வெறும் ரப்பர் கையுறையும் அப்படியே சுற்றிக்கொள்ளும். கம்பி வழுக்குகிறது என்று பழைய துணியால் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கம்பி சுழலும்போது துணி அதன் பக்கத்திலேயே வரக்கூடாது.

லுங்கி, துப்பட்டா, சேலைத் தலைப்பு, தளர்ந்த முழுக்கைச் சட்டை எதுவும் வேண்டாம். மோதிரம், கைக்கயிறு, வளையல், வாட்ச் கழற்றிவிடுங்கள். நீண்ட முடியை இறுக்கிக் கட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காலுக்கு வழுக்காத செருப்போ ஷூவோ. கையில் காலில் காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் போட்டு மூடுங்கள். எலி நடமாடும் சாக்கடை நீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றுவது இப்படிப்பட்ட சிறு காயங்கள் வழியாகவும்தான்.

டிரில்லை ஈரத் தரையில் வைக்காதீர்கள். கவிழ்த்த வாளியின் மேல் வைக்கலாம். நனையக்கூடாது என்று பாலிதீன் பையால் மூடிக் கட்டுவார்கள். அதனால் காற்று போகும் துளைகள் அடைபட்டு மோட்டார் சூடாகும். தண்டைச் சக்கில் பூட்டும்போதும், கம்பித் தலையை மாற்றும்போதும் பேட்டரியைக் கழற்றிவிட்டே செய்யுங்கள்.

கம்பி விடும் முறை

டிரம்மின் முன்பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, டிரில் ஓடாமலேயே கையால் கம்பியைக் குழாய்க்குள் தள்ளுங்கள். எங்கே தடை வருகிறதோ அதுவரை சும்மாவே போகட்டும். பிறகு டிரம்மைக் குழாய் வாயின் அருகே கொண்டுவாருங்கள். வெளியே தெரியும் கம்பி 15 செ.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது, ஒரு சாண் கூட இல்லை. இந்த இடைவெளி நீள நீளத்தான் கம்பி வெளியே மடங்கி அடிக்கும். திருகை இறுக்குங்கள். திருகு தளர்ந்திருந்தால் டிரம் மட்டும் சுற்றும், கம்பி உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இடது கை டிரம்மின் பிடியில், வலது கை டிரில்லில். டிரில்லோடு பக்கவாட்டுக் கைப்பிடி வந்திருந்தால் இரண்டாவது ஆளை வைத்து அதையும் பிடிக்கச் சொல்லாதீர்கள். டிரிக்கர், டிரம், கம்பி மூன்றும் ஒரே ஆளின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். கையை நீட்டிப் பிடித்தால் டிரில் திரும்பும்போது மணிக்கட்டு முழு அதிர்ச்சியையும் வாங்கும். குனிந்து நிற்பதைவிட ஒரு முக்காலியில் உட்கார்ந்து செய்வது நல்லது.

டிரிக்கரை மெல்ல அழுத்தி, சுழற்றிக்கொண்டே டிரம்மைக் குழாய்ப்பக்கம் லேசாகத் தள்ளுங்கள். கொஞ்சம் உள்ளே போனதும் நிறுத்தி, திருகைத் தளர்த்தி, வெளியே தெரிவது 15 செ.மீ.யைத் தாண்டாதபடி இன்னும் கொஞ்சம் கம்பியை எடுத்து, மீண்டும் இறுக்கி, மீண்டும் சுழற்றுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரேயடியாக ஒரு மீட்டர் கம்பியை வெளியே எடுத்துச் சுழற்றியவர்களுக்குத்தான் கையில் அடிபடுகிறது.

கம்பி எங்கே இருக்கிறது என்பதைக் கை சொல்லும். வளைவில் முட்டினால் ஸ்பிரிங் போன்ற எதிர்ப்பு. மெல்லச் சுழற்றித் தள்ளினால் சட்டென்று வழுக்கிப் போகும். மென்மையான அடைப்பில் எதிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், டிரம்மின் வேகம் குறையும், பிறகு விடுபடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் "டக்" என்று தட்டினால் தலை ட்ராப்பின் சுவரிலோ குழாய் இணைப்பின் விளிம்பிலோ மோதுகிறது; அங்கே சுழற்றிக்கொண்டே இருந்தால் பிவிசி இணைப்பு உடையும். அரை அடி பின்னால் இழுத்து, வேறு கோணத்தில் விடுங்கள். கம்பி தடையே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது, தண்ணீர் மட்டும் வடியவில்லை என்றால் அது வேறு கிளைக்குழாயில் ஏறிவிட்டது. கம்பியில் மீட்டருக்கு ஒரு பெயிண்ட் குறி போட்டுவைத்தால் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரியும். ட்ராப்பிலிருந்து சேம்பர் வரை உள்ள தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைசி ஒரு மீட்டர் கம்பி எப்போதும் டிரம்முக்குள்ளேயே இருக்கட்டும்.

கிளட்ச் நழுவியதும் உடனே விரலை எடுங்கள். டிரம்மை மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்பியில் முறுக்கு நிற்கிறது, கையை எடுத்தால் டிரம் தானாகத் திரும்பி அடிக்கும். இப்போதுதான் ரிவர்ஸ்: மிக மெதுவாக, ஓரிரு நொடி, முறுக்கு தளரும் வரை மட்டும். பிறகு முன்னோக்கி. இப்படி இரண்டு மூன்று முறை செய்தும் விடவில்லை என்றால் டிரில்லைக் கழற்றி, கைப்பிடியை மாட்டிக் கையால் முயலுங்கள். கையில் உணர்வு கூடுதல். பல சமயம் டிரில்லில் வராதது கையில் வந்துவிடும். கிளட்ச் எண்ணைக் கூட்டுவது இந்த நேரத்தில்தான் பலருக்குத் தோன்றும். கம்பி அறுவதும் இந்த நேரத்தில்தான்.

வெளியே எடுக்கும்போதும் முன்னோக்கியே மெல்லச் சுழலட்டும். முடியும் நாரும் தலையில் சுற்றியபடியே வரும். ரிவர்ஸ் போட்டால் எல்லாம் கழன்று மீண்டும் குழாய்க்குள் விழும். நுனியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் போட்ட குறி வெளியே தெரிந்ததும் டிரில்லை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, மீதியைக் கையால் இழுங்கள். சுழன்றுகொண்டே தலை வெளியே வந்தால் அழுக்கு நான்கு சுவரிலும் தெறிக்கும், கொக்கி முழங்காலைக் கிழிக்கும்.

அடைப்பு போனதா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். பிவிசி இளகிவிடும், இணைப்புகள் விலகும். கை பொறுக்கும் சூடு போதும். கடைசியில் ட்ராப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஜாலியை மூடுங்கள். அந்த நீர்த்தடுப்பு இல்லையென்றால் சாக்கடை வாயுவும் கரப்பான்பூச்சியும் வீட்டுக்குள் வரும்.

டிரில் போகக்கூடாத இடங்கள்

டாய்லெட் கோப்பைக்குள் டிரம் ஸ்பிரிங்கை டிரில்லில் ஓட்டாதீர்கள். பீங்கானில் கறுப்புக் கோடு விழும், சில சமயம் விரிசலே விடும். அதற்கென்று ரப்பர் உறை போட்ட வளைந்த கம்பி தனியாக இருக்கிறது, கையால் சுழற்றுவது. பழைய வீடுகளில் பூமிக்கடியில் போகும் சிமெண்ட் பூச்சு இணைப்புள்ள பீங்கான் குழாய்களிலும் வேண்டாம், இணைப்பு பெயர்ந்துவிடும். வேப்பமரமோ தென்னையோ அருகில் இருந்தால் அங்கே அடைப்பு வேராக இருக்கலாம், அது டிரில்லுக்கு அடங்காது.

அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் வேலை செய்தால் அதே லைனில் இருக்கும் மேல்வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது மேலே ஒரு ஃப்ளஷ் போதும், எல்லாம் உங்கள் மேல்தான்.

அடைப்பு சேம்பருக்கு அப்பாலோ செப்டிக் டேங்கிலோ இருந்தால் யாரும் உள்ளே இறங்கக்கூடாது. வெளியே நின்று மூடியைத் திறக்கும்போதுகூடக் குழந்தைகளைத் தள்ளி நிறுத்தி, தீப்பெட்டி, சிகரெட் எதுவும் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மீத்தேன் எரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்குக்கு வாசனையே தெரியாமல் போகும், மயங்கி விழுவதற்கு முன் எச்சரிக்கை கிடைக்காது. "ஐந்து நிமிட வேலைதான், இறங்கி ஒரு குத்து குத்திவிட்டு வந்துவிடுவார்" என்று கூலிக்கு ஆள் கூப்பிடுவது இன்றும் நடக்கிறது. பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். ஆள் இறங்காமல் குழாய் இறங்கட்டும்.

கழுவி வைப்பது

கம்பி கெடுவது பெரும்பாலும் வேலையின்போது அல்ல, வேலை முடிந்து ஈரத்தோடு டிரம்முக்குள் கிடக்கும் நாட்களில். கம்பி முழுவதையும் வெளியே இழுத்து, சுத்தமான தண்ணீரில் கழுவி, டிரில் ஓடாத நிலையில் துணியால் துடைத்து, வெயிலில் காயவையுங்கள். டிரம்மில் நீர் வடியும் துளை இருந்தால் அது கீழ்ப்பக்கம் வரும்படி வையுங்கள். காய்ந்த பிறகு மெஷின் ஆயில் தொட்ட துணியால் கம்பியை ஒருமுறை உருவிவிட்டு உள்ளே தள்ளுங்கள். டிரில்லையும் பேட்டரியையும் ஈரமில்லாத கையால் கழற்றி, டெட்டால் தொட்ட துணியால் பிடியைத் துடைத்து வைக்கலாம்.

அடுத்த முறை எடுக்கும் முன் கம்பியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முழம் ஒரு முழமாக வளைத்துப் பாருங்கள். வளைத்துவிட்டு நேராக்கினால் சுருள்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்காவது இடைவெளி அப்படியே நின்றாலோ, மடிப்பு விழுந்திருந்தாலோ, தலை பற்றவைத்த இடத்தில் விரிசல் தெரிந்தாலோ, அந்தக் கம்பியை டிரில்லில் போடாதீர்கள். பல டிரம்களுக்குக் கம்பி மட்டும் தனியாகக் கிடைக்கிறது. மாற்றும்போது பழைய கம்பியின் தடிமனையே வாங்குங்கள். தடிமன் கூடினால் டிரம்மின் திருகு அதைப் பிடிக்காது.